சிரில் கேட்ட வண்டி

மர்ஃபி டவுனில் இருக்கும் என் ஒர்க் ஷாப்புக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டதில்லை. பெங்களூரில் பழைய நாலு சிலிண்டர் பைக் வாங்க நினைக்கிற எவனும் கடைசியில் வண்டியை என்னிடம்தான் ஓட்டிக்கொண்டு வருவான். விற்கிறவர்கள் விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள்: "ஒரே ஓனர், இன்ஷூரன்ஸ் இருக்கு, சிரில் கேட்டது." அந்த சிரில் நான்தான்.

கேட்பது என்றால் இப்படி. வண்டி முந்தின நாளே கடைக்கு வந்துவிட வேண்டும். காலையில் எஞ்சின் சில்லென்று கிடக்கும்போதுதான் கேட்பேன், சூடான எஞ்சின் பொய் சொல்லும். பக்கத்துத் தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிடுவார். இரண்டடி நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்வேன். நாலு சிலிண்டருக்கு நாலு இடம், பிறகு வலது ஓரத்தில் டைமிங் செயின் ஓடுகிற இடம். கூட வந்தவர்கள் மூச்சைக்கூட மெதுவாக விடுவார்கள். முடித்ததும் "எடுத்துக்கோ" என்பேன், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

கோபம் எனக்கு எல்லாவற்றுக்கும் வரும். "உங்களுக்கு மூக்குக்கு மேல கோபம், மூக்குக்குக் கீழ பெரும" என்பாள் என் மனைவி ஆஞ்சலா. பெருமைப்பட எனக்குக் காரணம் இருந்தது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சினைப்போல் உழைக்கிற சாமான் வேறு இல்லை. ஒற்றை சிலிண்டர் வண்டியில் ஒரு பெரிய பிஸ்டன் முட்டி மோதி எல்லா வேலையையும் செய்யும். இதில் நாலு சின்ன பிஸ்டன்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு மேலே போகும்போது இரண்டு கீழே வரும், ஒன்றின் உதறலை இன்னொன்று சரிக்கட்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகும் சிலிண்டருக்குள்ளே தொழிற்சாலையில் போட்ட கோடுகள் அழியாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் வண்டி எடுக்கிற எல்லோரிடமும் ஒரே வாக்கியம்தான். "ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாத்து. இந்த எஞ்சின் உன்னைவிட ரொம்ப நாள் இருக்கும்." சொன்னதும் எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷமாகச் சிரித்தார்கள்.

அந்த எஞ்சினுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை சிலிண்டர் கெட்டால் தெருவுக்கே தெரியும். இதில் எங்கேயாவது கோளாறு இருந்தாலும் வெளியே காட்டாமல் வழவழவென்று ஓடும். பெரிய குடும்பத்தில் ஒருத்தன் குடிப்பதை மற்ற மூன்று பேரும் மூடி மறைப்பதுபோல. காது இருக்கிறவன்தான் பிடிக்க முடியும்.

வைஷ்ணவி வந்தது ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில். ராணிப்பேட்டைப் பெண், வைட்ஃபீல்டில் ஏதோ சாஃப்ட்வேர் வேலை, இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். கூட ரித்விக் என்று ஆபீஸ் நண்பன். அவன் வண்டியும் போன வருஷம் நான் கேட்டதுதான். அவள் வாங்க நினைத்தது அறுநூறு சிசி ஜப்பான் வண்டி, பதினான்கு வயது, எழுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர். வெள்ளிக்கிழமையே கடையில் விட்டிருந்தார்கள். நான் ஸ்டார்ட் செய்தேன், ஸ்க்ரூடிரைவரை வைத்தேன், ஐந்து இடத்திலும் கேட்டேன். பட்டுத் துணியை இழுக்கிற மாதிரி ஓடியது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"எடுத்துக்கோம்மா."

அவள் உடனே சிரிக்கவில்லை. "அங்கிள், ஸ்டார்ட் ஆனப்ப ஒரு ரெண்டு மூணு செகண்ட் ஏதோ சத்தம் வந்துச்சே. சாவிக்கொத்த டப்பால போட்டு ஆட்டுற மாதிரி."

"எங்க?"

"ரைட் சைடுல. உள்ள இருந்து."

"உள்ள ஒண்ணும் இல்ல. சைலென்சர் மேல ஒரு தகடு இருக்குது பாரு, அதோட ஸ்க்ரூ லூசு."

"இல்ல அங்கிள், எனக்கென்னவோ..."

"கேட்டது நீயா, நானா? நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டுறப்ப நான் வந்து இந்த பட்டன் சரியில்லன்னு சொல்றேனா?"

அவள் முகம் சுருங்கியது. ரித்விக் அவள் தோளைத் தட்டினான். "விடு வைஷு. சிரில் அங்கிள் கேட்டுட்டாரு இல்ல? ஆயித்து, முடிஞ்சுது."

நான் தகட்டின் ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கினேன். "இப்ப?"

"இப்ப இல்ல அங்கிள்."

ஸ்டார்ட் ஆன பிறகு தானாகவே அடங்குகிற சத்தம் அது. அது அடங்கியது என் கைராசியால் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஒரு மணி நேரம் செலவழித்து எஞ்சினின் மேல்மூடியைத் திறந்திருந்தால் கண்ணாலேயே பார்த்திருப்பேன். திறந்து பார்த்துச் சொல்கிறவன் மெக்கானிக், திறக்காமலே சொல்கிறவன் சிரில் என்று எனக்கு ஒரு திமிர். வழக்கமான வாக்கியத்தையும் சொன்னேன். "இந்த எஞ்சின் உன்னைவிட ரொம்ப நாள் இருக்கும்." அப்போது அவள் சிரித்தாள்.

அந்த வருஷம் ஊரில் பல விஷயங்கள் கெட்டுப்போயிருந்தன, அதாவது என் கணக்கில். மழை விட்டால் எங்கள் பின்சந்தில் கத்தித் தீர்க்கும் சுவர்க்கோழிகள் சத்தமே இல்லை. சந்துக்கு கான்கிரீட் போட்டதில் செத்துவிட்டன என்று கார்ப்பரேஷனைத் திட்டினேன். புது இண்டக்‌ஷன் அடுப்பு பீப் அடிப்பதில்லை என்று வாங்கின கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். எல்லாவற்றையும்விட என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தவர் ஃபாதர் நீல். ஜூனில் எங்கள் பங்குக் கோவிலுக்கு வந்த புது சாமியார். அவர் வந்ததிலிருந்து பூசையில் எழுந்தேற்றத்தின்போது மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும்போது பீடத்தடியில் கைமணி கிணுகிணுக்கும், கண்ணை மூடியிருக்கிறவனும் தலையைக் குனிவான். ஐம்பது வருஷமாக நான் அப்படிக் குனிந்தவன். இப்போது கண்ணைத் திறந்து பார்த்தால் மற்றவர்கள் எல்லாம் குனிந்திருக்கிறார்கள், நான் மட்டும் நிமிர்ந்து நிற்கும் கம்பம் மாதிரி முழங்காலில் இருக்கிறேன்.

வைஷ்ணவி வந்த மறுநாள் ஞாயிறு, ஏழு மணித் தமிழ்ப் பூசை. அன்றும் மணி இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பூசை முடிந்ததும் ஆஞ்சலா கையைப் பிடித்து இழுக்க இழுக்க நேராகப் போய் ஃபாதர் முன்னால் நின்றேன்.

"ஃபாதர், கோவில்ல மணி அடிக்கறத ஏன் நிறுத்திட்டீங்க? உங்க அப்பா காலத்துல இருந்து நான் கேட்ட மணி அது."

ஃபாதர் நீல் சின்னப் பையன் மாதிரி முழித்தார். "நிறுத்தலையே மிஸ்டர் சிரில். இன்னிக்குகூட அடிச்சாங்களே."

"எங்க அடிச்சாங்க?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆஞ்சலா சிரிக்கவில்லை. "அடிச்சாங்கங்க," என்றாள். "ஒவ்வொரு வாரமும் அடிக்கறாங்க. நீங்க வேற ஏதோ யோசனையில இருக்கீங்கன்னு நெனச்சேன்."

ஃபாதர் நல்ல மனுஷன். வாதம் செய்யாமல் உள்ளே போய் அந்தக் கைமணியை எடுத்து வந்தார். ஒரே பிடியில் நாலு குட்டி மணிகள். என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் பிடித்து நன்றாக ஆட்டினார். நாலு நாக்குகளும் ஆடுவதைப் பார்த்தேன். அவர் மோதிர விரல் பிடியில் இடித்த டொக் டொக் சத்தம் கேட்டது. மணி கேட்கவில்லை. நான் பிடுங்கி நானே ஆட்டினேன். அசைவு கையில் தெரிந்தது, காதில் ஒன்றுமே இல்லை. கோவில் வாசலில் இருந்த இரண்டு பெண்கள் இந்த நேரத்தில் யார் மணி அடிப்பது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

பேச்சு எனக்குக் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும், எஞ்சினின் உறுமல் கேட்கும். அதனால்தான் சந்தேகமே வரவில்லை. மெல்லிய, கூரான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போயிருக்கின்றன. ஒவ்வொன்று போனபோதும் நான் ஊரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

மணியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் வைஷ்ணவி சொன்னது நினைவுக்கு வந்தது. சாவிக்கொத்த டப்பால போட்டு ஆட்டுற மாதிரி.

போனை எடுத்தேன். பூசைக்காக அணைத்து வைத்திருந்தது. வைஷ்ணவி விடிகாலை ஐந்தே முக்காலுக்கே ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "அங்கிள், அந்தத் தகடு மறுபடி லூசாயிடுச்சு போல. ரைடு முடிச்சு வந்து காட்டுறேன்." கோவில் சுவர் ஓரமாக நின்று வீடியோவைப் போட்டேன். குளிர்ந்த வண்டியை அவள் ஸ்டார்ட் செய்கிறாள். எனக்குக் கேட்டது அதே பட்டுத்துணிதான்.

ஆஞ்சலா தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். "என்னங்க இது, சாவிக்கொத்த குலுக்கற மாதிரி சத்தம்?"

டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்று விரல் நீளத்தில் ஒரு சாமான் உண்டு. உள்ளே ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்தால் ஸ்டார்ட் செய்ததும் செயின் கொஞ்ச நேரம் தொளதொளவென்று ஆடிவிட்டு அடங்கும். அடங்கிவிட்டதே என்று ஓட்டிக்கொண்டிருந்தால் ஒருநாள் அந்தச் செயின் ஒரு பல்லைத் தாண்டும். தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். ஓடுகிற எஞ்சின் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும், பின்சக்கரத்தையும் சேர்த்து. ஹைவேயில் நூறில் போகிறவளுக்குப் பின்சக்கரம் பூட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சாவுக்கு மாலை வாங்கிப் போன வீடுகள் உண்டு.

உடனே வைஷ்ணவிக்குப் போன் அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தாள். முள்பாகலில் தோசைக் கடையில் இருக்கிறார்களாம். பின்னால் ஒரே சிரிப்பும் தட்டுச் சத்தமும். பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

"சொல்லுங்க அங்கிள். வீடியோ பாத்தீங்களா? தகடுதானே?"

அவ்வளவுதான், ஒரு வார்த்தை. இல்லம்மா, வண்டிய எடுக்காதே, என் காது போச்சு. வாய் வரைக்கும் வந்தது. "ஸ்பீக்கர்ல போடு, அங்கிள் என்ன சொல்றாருன்னு கேப்போம்" என்று ரித்விக் கத்துவது கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர். அதில் பாதி வண்டி நான் கேட்டது. சாயங்காலத்துக்குள் பெங்களூரில் இருக்கிற எல்லா பைக் குரூப்பிலும் வந்துவிடும், சிரிலுக்குச் செவிடு என்று.

"தகடுதான்," என்றேன். "ஆனா திரும்பி வரப்ப நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல போகாத. சொல்ப, கொஞ்சம் மெதுவா வா. நேரா கடைக்கு வந்துடு."

"ஓகே அங்கிள். தேங்க்ஸ்!"

போனை வைத்ததும் ஆஞ்சலா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"தகடா அது?"

"மெதுவா வந்துடுவா ஆஞ்சலா. வந்ததும் நானே தெறந்து மாத்திடறேன். ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

"அந்தப் பொண்ணு ரோட்டுல இருக்கா," என்றாள். "கோவில் வாசல்ல நின்னுட்டு பொய் சொல்றீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? திருப்பி போடுங்க. போடுங்க!"

திருப்பிப் போட மனசு வர எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று சரியாகச் சொல்ல முடியாது. கால் மணி இருக்கும். அந்தக் கால் மணி நேரத்தில் வீட்டுக்கு நடந்தோம், நான் தண்ணீர் குடித்தேன், கடைச் சாவியைத் தேடினேன். அப்புறம் அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அடித்தேன். ஆஞ்சலா தன் போனிலிருந்து அடித்தாள். ரித்விக்குக்கு அடித்தேன், அதுவும் ரிங்தான். எல்லோரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கடையில் போய் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, தையல் மிஷினும் ஓடவில்லை. முள்பாகலிலிருந்து கோலார், கோலாரிலிருந்து நரசாபுரா, அப்புறம் ஹொசகோட்டை என்று அவள் எங்கே வந்திருப்பாள் என மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். வாசலில் எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து நின்றேன். ஜெபம் சொல்லலாம் என்றால் காலையில் சொன்ன பொய்தான் வாயில் வந்து நின்றது.

ஒன்பது ஐம்பதுக்கு ரித்விக் கூப்பிட்டான். அவன் பேசியது முதலில் புரியவில்லை, அழுதுகொண்டே பேசினான். போனை ஆஞ்சலாவிடம் கொடுத்தேன். அவள் கேட்டுக் கேட்டு எனக்குச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். நரசாபுரா தாண்டி. திடீரென்று வண்டி டமாரென்று நின்று பின்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அவள் இடது பக்கமாக விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த கார்க்காரர் பிரேக் போட்டும் நிற்கவில்லை. உயிர் இருக்கிறது. கால்தான்.

தெரிந்தவர் காரில் போனோம். மணி கேட்காமல் போன ஜூனிலிருந்து நான் "எடுத்துக்கோ" என்று சொன்ன ஒன்பது வண்டிக்காரர்களின் நம்பரையும் நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஆஞ்சலா வழி முழுக்கக் கூப்பிட்டு, "வண்டிய எடுக்காதீங்க, அவருக்குக் காது சரியில்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். காலையில் ஒருத்தியிடம் சொல்ல முடியாமல் போன வார்த்தை, ஒன்பது தடவை என் பக்கத்திலேயே ஒலித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ரித்விக் நண்பர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "வண்டில ஒண்ணும் இல்ல அங்கிள், நான் போலீஸ்கிட்டயே சொல்லிட்டேன். சிரில் அங்கிள் கேட்ட வண்டின்னு. அவதான் ஏதோ கியர் தப்பா போட்டிருப்பா." நான் அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

அந்த எஞ்சினைப் பிற்பாடு ஒருநாள் திறந்து பார்த்தேன். வளைந்த வால்வுகளையும் தளர்ந்த அந்த டென்ஷனரையும் தவிர மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் புதுசு மாதிரி. சிலிண்டரில் கோடுகள் அழியவில்லை. இரண்டு நாள் வேலை செய்தால் இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும்.

வைஷ்ணவி முழித்துத்தான் இருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே முழுக்கக் கட்டு. அதைக் காப்பாற்ற முடியுமா என்று மறுநாள்தான் சொல்வார்களாம். ராணிப்பேட்டையிலிருந்து அம்மா கிளம்பிவிட்டாளாம், பெண் பைக் வாங்கியதே அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். என்னைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை எழப் பார்த்தது.

"சாரி அங்கிள்," என்றாள்.

"நீ எதுக்கும்மா சாரி?"

"நீங்க நாலாயிரத்துக்கு மேல போகாதன்னு சொன்னீங்க. ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணப்ப ஆறாயிரம் போயிட்டேன். உங்க பேச்ச கேட்டிருக்கணும். எஞ்சின் போயிடுச்சா அங்கிள்? உங்க பேரக் கெடுத்துட்டேன்."

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். தகடு இல்ல, டைமிங் செயின். நீ கேட்டதுதான் சரி. எனக்குக் காது கேக்கலம்மா, அந்தச் சத்தம் எனக்கு வராது.

அவள் கேட்டாள். "உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"இன்னிக்குக் காலையில. பூசை முடிஞ்சதும்."

"நீங்க எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியா?"

ஆஞ்சலா என் முழங்கையைப் பிடித்தாள். பிடித்தது தடுக்கவா தாங்கவா என்று தெரியவில்லை.

"முன்னாடி," என்றேன்.

வைஷ்ணவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு மெதுவாக ஏதோ சொன்னாள். பாதிக் கன்னமும் உதட்டு ஓரமும்தான் எனக்குத் தெரிந்தன. உதடு அசைந்தது. நான் குனிந்தேன். அவள் மறுபடி சொல்லவில்லை. நர்ஸ் வந்து எங்களை வெளியே போகச் சொன்னாள்.

வரும் வழியில் காரில் ஆஞ்சலாவைக் கேட்டேன். "அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒதடு அசஞ்சுதே ஆஞ்சலா."

"ஒண்ணும் சொல்லலன்னு சொல்றேன் இல்ல," என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஆஞ்சலாவிடம் நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் இன்னும் அதையேதான் சொல்கிறாள்.